வாசகர் கேள்வி – பதில்: தேவாலயத்திலிருந்து மேடைக்கு வந்த சாம் குக்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, அமெரிக்காவின் சோல் இசை கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வேர்விட்டது என்றும், அதை அங்கிருந்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சாம் குக் என்றும் இரண்டு வரிகள் எழுதியிருந்தோம். அந்த இரண்டு வரிகளைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்துவிட்டதால், இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இளவயதில் இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில் 'யூ செண்ட் மீ' என்ற பாடலைக் கேட்டிருக்கிறேன். பாடியவரின் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: சாமுவேல் குக் 1931ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி, மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தி நிலங்களுக்கு நடுவே இருந்த கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் குக் ஒரு போதகர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர். தெற்கு மாநிலங்களின் வறுமைக்கும் இனக்கொடுமைக்கும் தப்பிக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்கு இடம்பெயர்ந்த காலம் அது. குக் குடும்பமும் 1933இல் சிக்காகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. சிறுவனாக இருந்தபோதே உடன்பிறந்தாருடன் சேர்ந்து தேவாலயங்களில் பாடிய சாம், பதின்ம வயதில் 'ஹைவே கியூசீஸ்' என்ற குழுவில் பாடிப் பெயர் பெற்றார். 1950இல், பத்தொன்பதே வயதில், அந்நாளில் அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற ஆன்மிக இசைக் குழுக்களில் ஒன்றான 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவின் முன்னணிப் பாடகரானார்.

நீங்கள் கேட்ட பாடல் 1957இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் அவர் தம் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இறுதியில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டார். அந்த நவம்பர் 3ஆம் திகதி எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பாடத் தொடங்கியதுமே நேரம் முடிந்து, பாடல் நடுவில் ஒளிபரப்பு துண்டிக்கப்பட்டது. பார்வையாளர்களின் கண்டனம் அவ்வளவு பலமாக இருந்ததால் டிசம்பர் 1ஆம் திகதி அவரை மீண்டும் அழைத்து முழுமையாகப் பாடவைத்தார்கள். அந்த டிசம்பருக்குள் பாடல், வெள்ளையர்களும் வாங்கிய பொப் இசைப் பட்டியலிலும் கறுப்பின மக்களின் ரிதம் அன்ட் புளூஸ் பட்டியலிலும் முதலிடத்தில் இருந்தது. 1960இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்கு மாறிய பின் 'செயின் கேங்', 'கியூபிட்', 'பிரிங் இட் ஒன் ஹோம் டு மீ', 'அனதர் சற்றடே நைட்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வெற்றிப் பாடல்கள் வந்தன. 1964 டிசம்பர் 11ஆம் திகதி, 33 வயதில், லொஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். பொப் உலகில் அவருக்குக் கிடைத்தவை ஏழு ஆண்டுகள் மாத்திரமே. 1986இல் 'ரொக் அன்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம்' முதன்முதலாகக் கௌரவித்த கலைஞர்களுள், எல்விஸ் பிரெஸ்லி, ரே சார்ள்ஸ், ஜேம்ஸ் பிரவுன் ஆகியோருடன் அவருடைய பெயரும் இருந்தது.

கேள்வி: என் மகன் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறான். கடந்த வருடத்திலிருந்து ஓர் இசைக்குழுவில் சேர்ந்து கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டுகளும் பாடுகிறான். கோயிலில் மூத்தவர்கள் சிலர் இது கூடாது என்கிறார்கள். சாம் குக்குக்கும் இப்படி ஒரு நெருக்கடி வந்ததா? அவர் என்ன செய்தார்?
– தாயொருவர், கொட்டாஞ்சேனை

பதில்: வந்தது, அம்மா, உங்கள் மகனுக்கு வந்திருப்பதைவிடப் பலமடங்கு கடுமையாக வந்தது. அதை விளங்கிக்கொள்ள அந்தக் குழுக்களின் உலகத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சோல் ஸ்டிரர்ஸ் குழு 1920களில் டெக்சாஸ் மாநிலத்தில் உருவானது. அதன் முன்னணிப் பாடகராக நீண்டகாலம் இருந்த ஆர். எச். ஹாரிஸ், ஆன்மிக இசையுலகில் ஆசான்களுக்கெல்லாம் ஆசானாக மதிக்கப்பட்டவர். அவர் விலகிய இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் வந்து நின்றபோது, இசைத்தட்டு நிறுவனமான ஸ்பெஷல்டியின் உரிமையாளர் ஆர்ட் ரூப் முதலில் மகிழவில்லை. ஆனால் 1951இல் நடந்த முதல் ஒலிப்பதிவிலேயே, கிணற்றடியில் இயேசுவிடம் தண்ணீர் பெற்ற சமாரியப் பெண்ணின் கதையைச் சொல்லும் 'ஜீசஸ் கேவ் மீ வோட்டர்' பதிவானது. ஹாரிஸ் இல்லாத குழு என்ற கவலை அந்த ஒரு தட்டோடு முடிந்தது. அதுவரை முதியவர்களே நிரம்பியிருந்த ஆன்மிக இசைக் கூட்டங்களின் முன்வரிசைக்கு இளையவர்கள், முக்கியமாக இளம் பெண்கள், வரத் தொடங்கினார்கள்.

அந்த வட்டத்தில் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. கடவுளுக்காகப் பாடியவர் உலகத்துக்காகப் பாடக்கூடாது; பாடினால் திரும்பி வர வழியில்லை. 1957இன் தொடக்கத்தில் சாம் 'லவபிள்' என்ற காதல் பாட்டைத் தயங்கித் தயங்கி வெளியிட்டபோது, தட்டில் தம் பெயரைப் போடாமல் 'டேல் குக்' என்று போட்டுக்கொண்டதற்கு இதுவே காரணம். அந்தப் பாட்டு வேறொன்றுமில்லை; சோல் ஸ்டிரர்ஸ் குழுவோடு அவர் பாடிவந்த 'வொண்டர்ஃபுல்' என்ற துதிப்பாடல்தான். மெட்டு அப்படியே இருந்தது. இறைவன் இருந்த இடத்தில் காதலி வந்திருந்தாள். ஆனால் குரலை மறைக்க யாரால் முடியும்? கேட்டவுடனே கண்டுகொண்டார்கள். சில மாதங்களில் அவர் குழுவைவிட்டு விலகவேண்டி வந்தது.

நம் மரபில் வளர்ந்த ஒருவருக்கு இந்தச் சண்டை சற்று விநோதமாகவே தோன்றும். மாணிக்கவாசகர் திருக்கோவையாரில் அகத்துறையின் தலைவனையும் தலைவியையும் வைத்தே சிவனைப் பாடினார். ஆண்டாளின் பாசுரங்கள் காதலின் மொழியிலேயே கண்ணனைத் தேடுகின்றன. ரி. எம். சௌந்தரராஜன் முருகனைப் பாடிய அதே தொண்டையால் சினிமாக் காதலையும் பாடினார். பக்தர்கள் யாரும் அவருடைய முருகன் பாடல்களைக் கேட்பதை நிறுத்தவில்லை. காதலின் மொழி கோயிலுக்குள் போவதை ஏற்ற நாம், கோயிலின் மெட்டு காதலுக்கு வருவதையும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

ஆயினும் அமெரிக்கக் கறுப்பின மூப்பர்களின் கோபத்தைக் குறுகிய மனம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வங்கி, வாக்குச்சீட்டு என்று எதுவும் தங்களுடையதாக இல்லாத ஒரு மக்களுக்கு, தாங்களே கட்டித் தாங்களே ஆண்ட ஒரே அமைப்பு தேவாலயமாகத்தான் இருந்தது. அதன் மிகச் சிறந்த குரல் வெளியே போகும்போது, தங்கள் வீட்டுச் சொத்தைப் பிறர் எடுத்துப்போவதாக அவர்கள் உணர்ந்ததில் நியாயம் உண்டு. உங்கள் கோயில் மூத்தவர்களின் மனக்கலக்கத்துக்கும் இதுபோன்ற ஓர் அன்பு அடியில் இருக்கக்கூடும். அதை மதித்தே உங்கள் மகன் அவர்களோடு பேசவேண்டும்.

சாமின் தந்தை போதகராக இருந்தும் மகனைத் தடுக்கவில்லை. கடவுள் தந்த குரலால் மனிதரை மகிழ்விப்பதும் கடவுளின் விருப்பமாகவே இருக்கும் என்ற பொருளில் தந்தை தமக்குச் சொன்னதாகச் சாம் பின்னாளில் கூறியிருக்கிறார். இதற்குப் பிறகு சாம் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. பொப் இசையில் பணம் வந்ததும் அவர் நண்பர்களோடு சேர்ந்து 'சார் ரெக்கோர்ட்ஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டு எந்தக் காதல் பாட்டும் இல்லை. தம்மை வழியனுப்பிய அதே சோல் ஸ்டிரர்ஸ் குழு பாடிய 'ஸ்டாண்ட் பை மீ ஃபாதர்' என்ற வேண்டுதல் பாடல் அது. எழுதியவர்களில் ஒருவர் சாம். அவர் மேடையை மாற்றினாரே தவிர, பாடக் கற்றுத்தந்த இடத்தோடு உறவை அறுக்கவில்லை. உங்கள் மகன் சனிக்கிழமை கலியாண வீட்டில் பாடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நேரத்துக்கு வந்து நிற்கிறானா என்று பாருங்கள், அம்மா. வந்து நிற்கிறான் என்றால், பாடத் தடைபோடுவதால் அவனுக்கும் நன்மையில்லை, கோயிலுக்கும் நன்மையில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: நான் கர்நாடக இசை பயில்கிறேன். அவருடைய சில பாடல்களைக் கேட்டேன். இனிமையாக இருக்கின்றன, ஆனால் பெரிய வித்தை எதுவும் தெரியவில்லை. அவரை ஏன் இவ்வளவு உயர்த்திச் சொல்கிறார்கள்?
– மாணவி, தெஹிவளை

பதில்: வித்தை வெளியே தெரியாமல் பாடியதுதான் அவருடைய வித்தை. ஆனால் அதை எங்கே தேடவேண்டும் என்று சொல்கிறேன்.

ஒரு சொல்லின் கடைசி உயிரெழுத்தை நீட்டி, அதிலிருந்து மூன்று நான்கு சுரங்கள் படியிறங்கிவரும்படி 'ஓ' என்று அவர் சுழற்றும் ஒரு சிறு அலங்காரம் இருக்கிறது. நம் காதுக்கு அது ஒரு பிருகா. அது பிறந்த விதத்தைக் குழுவை நிறுவிய எஸ். ஆர். கிரெய்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்: ஒருநாள் சுருதியை மிக உயரத்தில் வைத்துவிட்டார்கள், எட்டவேண்டிய உச்ச சுரத்தை எட்ட முடியாத இளைஞன், அதன் கீழாக வளைந்து சறுக்கி இறங்கினான், கூட்டம் அதைத்தான் மிகவும் விரும்பியது. இந்தச் சறுக்கல் பின்னர் அவருடைய முத்திரையாயிற்று. 'யூ செண்ட் மீ' பாடலில் சாகித்தியம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஏறத்தாழ ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சங்கதி கூடுகிறது. ஒரு பல்லவி வரியை எடுத்துச் சங்கதி சங்கதியாக விரிக்கும் மரபில் பயிலும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு முன்னிருந்த ஆன்மிகப் பாடகர்கள் பெரும்பாலும் கூட்டத்தை உலுக்கியெடுக்கப் பாடினார்கள். உச்சத்தில் கத்துவதும் அழுவதும் மேடையிலிருந்து குதித்து நடுவே ஓடுவதும் வழக்கம். சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் இரண்டாம் முன்னணிப் பாடகரான போல் ஃபொஸ்டர் அந்த வழியில் பெரும் ஆற்றல் உடையவர். அவர் முழங்கும்போது சாம் அடங்கிப் பாடுவார். அந்த அடக்கமே கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைத்தது. 1955 ஜூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஷ்ரைன் அரங்கில் பதிவான 'நியரர் டு தீ' பாடலைக் கேளுங்கள். மெதுவாக, பேசுவதுபோலத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டத்தின் கூக்குரலைக் கிளப்பி, அந்தக் கூக்குரல் தம்மை மூடிவிடாதபடி தாமே அதன்மேல் ஏறி நிற்பார். அவருடைய பொப் தட்டுகளில் கேட்கும் அமைதி, இப்படிப்பட்ட அரங்குகளை அடக்கி ஆண்டு பெற்ற அமைதி. அதனால்தான் அது வெறும் மென்மையாக ஒலிப்பதில்லை.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1963 ஜனவரி 12ஆம் திகதி மயாமியின் கறுப்பினக் குடியிருப்பில் இருந்த ஹார்லெம் ஸ்குவேர் கிளப்பில் அவர் பாடியதை ஆர்சிஏ நிறுவனம் பதிவுசெய்தது. குரல் கரகரக்கிறது, கூட்டம் கூடவே பாடுகிறது, கிங் கேர்டிஸின் சாக்ஸஃபோன் முழங்குகிறது. இது மிகவும் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று பயந்த நிறுவனம், அந்தப் பதிவை அலமாரியில் வைத்துவிட்டு, 1964 கோடையில் நியூயோர்க்கின் கோப்பகபானா விடுதியில் பெரும்பாலும் வெள்ளையர்களாக இருந்த செல்வந்தர்கள் முன்னால் பாடியதையே இசைத்தட்டாக வெளியிட்டது. மயாமிப் பதிவு 1985இல்தான், பாடகர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, வெளிவந்தது. இரண்டிலும் ஒரே மனிதர், ஒரே பாடல்கள் சில. கோப்பகபானாவில் எவ்வளவு தூரம் தம்மை மடித்து வைத்துக்கொண்டு பாடினார் என்பது மயாமியைக் கேட்ட பிறகே புரியும். எதையும் மடிக்காமல் பாடிய மயாமிப் பதிவே உண்மையான சாம் குக் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அவர் ஒரு கெட்டிக்கார வியாபாரி என்று படித்தேன். ஒரு பாடகர் தம் பாட்டின் உரிமையைத் தாமே வைத்திருப்பது அந்தக் காலத்தில் எப்படிச் சாத்தியமாயிற்று?
– கணக்காளர், பம்பலப்பிட்டி

பதில்: ஒரு தட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த பாடல் ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலி மற்றொன்று. அந்நாளைய கறுப்பினப் பாடகர்களில் மிகப் பலர் சொற்பத் தொகைக்கு இரண்டையும் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, பாடல் உலகமெங்கும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வாடகை கட்ட வழியில்லாமல் இருந்தார்கள். பாடியவருக்குத் தட்டு விற்கும் வரைதான் வருமானம். எழுதியவருக்கோ அதை எவர் பாடினாலும் வருமானம். இதைச் சாம் மிக விரைவில் புரிந்துகொண்டார்.

'யூ செண்ட் மீ' பாடலின் வரலாறே ஒரு கணக்குப் பாடம். அதைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது உள்ளே வந்த ஆர்ட் ரூப், பின்னணியில் வெள்ளையினப் பாடகர் குழு மெலிதாகப் பாடுவதைக் கேட்டுச் சினந்தார். இசைத் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லுக்குத் தரவேண்டிய பங்குத் தொகைக்குப் பதிலாக அந்தப் பதிவுகளையே கொடுத்து அவரையும் சாமையும் அனுப்பிவிட்டார். கீன் என்ற புதிய நிறுவனம் வெளியிட, தட்டு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. முன்னைய ஒப்பந்தத்தைக் காட்டி ரூப் பாடலுக்கு உரிமை கோராமல் இருக்க, எழுதியவர் பெயராகத் தம்பி எல். சி. குக்கின் பெயர் போடப்பட்டிருந்தது.

பின்னர், ஆன்மிக இசையுலகிலிருந்தே வந்த மூத்த நண்பர் ஜே. டபிள்யூ. அலெக்சாண்டரோடு சேர்ந்து, பாடல் உரிமைகளுக்காகக் காக்ஸ் மியூசிக் நிறுவனத்தையும், நான் முன்பு சொன்ன சார் ரெக்கோர்ட்ஸ் நிறுவனத்தையும் நடத்தினார். கிளீவ்லண்டிலிருந்து வந்த வோமாக் சகோதரர்கள் என்ற ஆன்மிகப் பாடகர்களை 'வெலண்டினோஸ்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தினார். அவர்களுடைய துதிப்பாடல் ஒன்றும் காதல் பாட்டாக மாற்றப்பட்டு வெற்றி பெற்றது. 1964இல் அவர்கள் பாடிய 'இட்ஸ் ஓல் ஓவர் நவ்' பாடலை இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு எடுத்துப் பாடி, தம் நாட்டில் முதன்முதலாக முதலிடம் பெற்றது. தங்கள் பாட்டை வேறொருவர் பாடுவதா என்று கொதித்த இளைஞர் பொபி வோமாக்கைச் சாம் சமாதானப்படுத்தினார். முதல் காசோலை வந்தபோதுதான் காரணம் புரிந்தது என்று பொபி வோமாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

முடிவு மனதுக்கு வேதனை தருவது. ஆர்சிஏ நிறுவனத்தின் கணக்குகளைத் தோண்டிச் சாமுக்கு வரவேண்டிய பெருந்தொகையைப் பெற்றுக்கொடுத்த அலென் கிளைன் 1963இல் அவருடைய முகாமையாளரானார். சாமின் பதிவுகளுக்காக மகளின் பெயரில் 'ட்ரேசி' என்ற நிறுவனம் உருவாக்கப்பட்டது. சாம் இறந்த பிறகு அந்த நிறுவனமும் பாடல் உரிமைகளும் கிளைனின் கைக்கே போய்ச் சேர்ந்தன. பேச்சளவில் இருக்கும் உரிமை உரிமையே ஆகாது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் கையெழுத்திடும் நாளிலேயே பார்க்கவேண்டும். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் பொருளாதார உரிமைகளை அவர் வாழும் காலத்துக்கும் இறந்தபின் 70 ஆண்டுகளுக்கும் காக்கிறது. கொழும்பில் பாட்டு எழுதுகிற, மெட்டமைக்கிற இளைஞர்கள் உங்களிடம் கணக்குக் கேட்டு வருவார்களானால், இந்த ஒரு விடயத்தை அவர்களுக்குத் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

கேள்வி: 'எ சேஞ்ஜ் இஸ் கோனா கம்' பாடல் அவருடைய சொந்த அனுபவத்திலிருந்து பிறந்ததா?
– பல்கலைக்கழக மாணவர், கொழும்பு 3

பதில்: ஓர் அனுபவத்திலிருந்து மட்டும் பிறந்ததாகச் சொல்ல முடியாது, 1963ஆம் ஆண்டு முழுவதுமே அதற்குள் இருக்கிறது.

அந்த ஜூன் மாதம் அவருடைய குழந்தை வின்சன்ட், பதினெட்டு மாதமே ஆனவன், வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தான். ஒக்டோபர் 8ஆம் திகதி லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்கூட்டியே தொலைபேசியில் அறை பதிவுசெய்துகொண்டு மனைவியோடும் குழுவினரோடும் போய் இறங்கியபோது, முகத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். அவர் அங்கேயே நின்று வாதாடினார்; மனைவி பயந்துபோய், உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று இழுத்துக்கொண்டு வந்தார். ஒலிப்பானை அடித்துக்கொண்டு கிளம்பி, நகரின் கறுப்பினத்தவர் தங்கும் ஹோட்டலை அடைந்தபோது பொலிஸார் காத்திருந்தார்கள். அமைதியைக் குலைத்த குற்றத்துக்காகக் கைதுசெய்தார்கள். அந்த நாட்டில் பத்து இலட்சம் தட்டு விற்ற ஒருவருக்கு நடந்தது இது. அடையாளத்தைக் கேட்டபின் கதவு மூடப்படுவது எப்படி இருக்கும் என்பதைக் கொழும்புத் தமிழ் வாசகருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. 2019இல் அந்த நகரின் மேயர் சாமின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதே காலத்தில் பொப் டிலனின் 'புளோயிங் இன் த விண்ட்' அவரை உலுக்கியிருந்தது. தம் மக்களின் நிலையைப் பற்றி இப்படி ஒரு பாட்டை ஒரு வெள்ளை இளைஞன் எழுதியிருக்க, தாம் இன்னும் எழுதவில்லையே என்று அவர் மனம் குத்தியது. இது திடீரென்று வந்த உணர்வும் இல்லை. 1961இலேயே மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாட மறுத்தவர் அவர்.

பாடல் 1964 ஜனவரி 30ஆம் திகதி ஹொலிவூட்டில் பதிவானது. ரெனே ஹோல் அதற்கு ஒரு திரைக்காவியத்துக்கு அமைப்பதுபோல வயலின்களும் ஊதுகொம்பும் பெருமுரசும் சேர்த்து இசையமைத்தார். ஆற்றங்கரையில் ஒரு கூடாரத்தில் பிறந்து, அந்த ஆற்றைப்போலவே ஓடிக்கொண்டிருப்பவனாகப் பாடகன் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். வாழ்வது கடினம், ஆனால் சாகவும் பயம், வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறான். போதகரின் மகன், பத்தாண்டுகளாக மறுமையின் ஆறுதலைத் தேவாலயங்களில் பாடியவர், இந்தச் சந்தேகத்தைத் தேவாலயக் குரலிலேயே பாடுகிறார் என்பதைக் கவனியுங்கள். சோல் ஸ்டிரர்ஸ் பாடல்களில் விடுதலை வானத்தில் இருந்தது; இங்கே அது இந்த மண்ணில், வாழும் காலத்திலேயே வரவேண்டும் என்கிறார். இந்தப் பாட்டுக்காகத்தான் அவர் அந்தக் குரலை அத்தனை ஆண்டுகள் சுமந்துவந்தார் என்று நான் நினைக்கிறேன்.

பெப்ரவரி 7ஆம் திகதி ஜொனி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பாடினார். அந்த ஒளிப்பதிவு இன்று கிடைப்பதில்லை. இரண்டு நாள் கழித்து பீட்டில்ஸ் குழு எட் சலிவன் நிகழ்ச்சியில் தோன்ற, நாட்டின் பேச்செல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. மார்ச் மாதம் பாடல் ஒரு தொகுப்பில் வந்தது. தனித் தட்டாக வந்தது டிசம்பர் 22ஆம் திகதி, அவர் இறந்த பிறகு; அதுவும் 'ஷேக்' என்ற நடனப் பாட்டின் மறுபக்கத்தில். வானொலிக்காக ஒரு சரணத்தை வெட்டியிருந்தார்கள். திரையரங்குக்கும் நகர மையத்துக்கும் போனால் இங்கே நிற்காதே என்று விரட்டுகிறார்கள் என்ற சரணம் அது. எதற்காக எழுதப்பட்டதோ அந்த வரிகளே வெட்டப்பட்டன. இருந்தும் கறுப்பின மக்களின் உரிமை இயக்கம் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஓடிஸ் ரெடிங்கும், 1967இல் அரீதா ஃபிராங்க்ளினும் அதைப் பாடினார்கள். 2007இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2008 தேர்தல் வெற்றி இரவில் பராக் ஒபாமா ஆற்றிய உரையிலும் இந்தப் பாட்டின் பல்லவி எதிரொலித்தது.

கேள்வி: அவருடைய மரணம் ஒரு சதி என்கிறார்களே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: லொஸ் ஏஞ்சல்ஸில் ஹசியெண்டா என்ற விடுதியின் முகாமையாளரான பெண், அவர் தம்மைத் தாக்க வந்ததால் சுட்டதாகச் சொன்னார். மரண விசாரணையில் அது தற்காப்புக்கான கொலை என்று தீர்க்கப்பட்டது. விசாரணை மிக விரைவாக முடிந்தது. குடும்பத்தாரும் நண்பர்களும் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஒரு வெள்ளையினப் பாடகர் இப்படி இறந்திருந்தால் இவ்வளவு அவசரமாகக் கோப்பை மூடியிருப்பார்களா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானதே. சதி என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆகவே ஊகங்களை இங்கே அடுக்கமாட்டேன். சிக்காகோவிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் இரண்டு இறுதிச் சடங்குகள் நடந்தன. இரண்டாவதில் ரே சார்ள்ஸ் பாடினார்.

கேள்வி: இதுவரை சாம் குக்கைக் கேட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, வத்தளை

பதில்: பெரும்பாலானோர் 'வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாடலில் தொடங்குவார்கள், 1960இல் வந்து, 1980களில் ஒரு விளம்பரத்தின் வழியாக இங்கிலாந்தில் மீண்டும் பட்டியலேறிய பாடல் அது. நல்ல பாடல்தான். ஆனால் அதில் தொடங்கினால் அவரை ஓர் இனிமையான பாடகர் என்று எண்ணி அங்கேயே நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

நீங்கள் 'டச் த ஹெம் ஒஃப் ஹிஸ் கார்மென்ட்' பாடலில் தொடங்குங்கள். இயேசுவின் ஆடையின் ஓரத்தைத் தொட்டுக் குணமடைந்த பெண்ணின் கதையை, சோல் ஸ்டிரர்ஸ் குழுவுக்காக 1956இல் அவரே எழுதிப் பாடினார்; இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு கூட்டமும் ஒரு நோயாளியும் ஓர் அற்புதமும் கண்முன் வந்துவிடும். அதை அடுத்து 'யூ செண்ட் மீ' கேளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குரல் எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிறகு 'பிரிங் இட் ஒன் ஹோம் டு மீ'. பின்னால் பதில் பாடும் கனத்த குரல் லூ ரோல்ஸ். சிறுவயதில் சிக்காகோவின் தேவாலயங்களில் பாடிய காலத்திலிருந்தே நண்பர். தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொல்ல, சபை மறுவரி சொல்லும் முறையை இருவரும் ஒரு காதல் முறையீட்டுக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். இதே பாடல் மயாமிப் பதிவிலும் இருக்கிறது. அங்கே மறுவரி சொல்வது முழுக் கூட்டமும்.

இவற்றைக் கேட்டு முடித்த பின்னரே 'எ சேஞ்ஜ் இஸ் கோனா கம்' கேளுங்கள். இணையத்தில் இரண்டு வடிவங்களும் கிடைக்கின்றன. மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும், அந்தச் சரணம் வெட்டப்படாத வடிவத்தையே தேடி எடுங்கள்.